நெல் சுமந்த பூதங்கள்: காவிரிப் படுகையில் குறட்கணங்களின் வரலாறு

காவிரிப் படுகையின் இலக்கியத்தில் முதலில் எதிர்ப்படும் பூதம் குள்ளமானதல்ல, வேடிக்கையானதும் அல்ல. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் இரண்டு பூதங்கள் காவல் நின்றன. நாளங்காடிப் பூதத்துக்கு இந்திர விழாவின்போது மறக்குடி மகளிர் புழுக்கலும் எள்ளுருண்டையும் பூவும் படைத்தனர். சதுக்கத்தில் நின்ற மற்றொரு பூதம் பொய்த்தவசியையும் பொய்ச்சாட்சிக்காரனையும் புறங்கூறுபவனையும் பிறன்மனை நாடுபவனையும் கயிற்றால் கட்டி, அடித்துத் தின்றது. ஊர் அஞ்சிய தண்டல்காரர் அது.

சில நூற்றாண்டுகளில் இதே மண்ணில் இதே சொல், பானை வயிறும் குட்டைக் காலும் கொண்டு கோயில் கூரைக்கடியில் மத்தளம் தட்டும் சிற்றுருவைக் குறிக்கலாயிற்று. நாற்சந்திக் காவலர் சிவனின் பரிவாரத்தில் சேர்ந்துவிட்டார். தேவாரம் இந்தக் கூட்டத்தைப் பூதம், குறள், பாரிடம் எனப் பலவாறு அழைக்கிறது. அவை பாட, சிவன் ஆடுகிறான். மூன்று பெயர்களில் பாரிடம் கவனிக்கத்தக்கது. அதற்கு நிலம் என்றும் பொருள் உண்டு, பூதம் என்றும் பொருள் உண்டு.

உருவம் மட்டும் தமிழ்நாட்டில் பிறந்ததல்ல. சாஞ்சிப் பெருந்தூபியின் மேற்குத் தோரணவாயிலில், கி.மு. முதல் நூற்றாண்டளவிலேயே, தொந்தி வயிற்றுக் குள்ளர்கள் கைகளை உயர்த்திக் குறுக்குச் சட்டங்களைத் தாங்குகின்றனர். இவர்கள் குபேரனுக்குரிய இயக்கர் குலம். கி.பி. 578இல் முடிந்த பாதாமி மூன்றாம் குடைவரையிலும் மேடையின் முகப்பில் கணங்கள் வரிசையாக நிற்கின்றன. பாரம் தாங்குவதும் செல்வம் காப்பதும்தான் தொடக்கத்திலிருந்தே இவர்களின் தொழில். தமிழகக் கோயில் வாயில்களில் குள்ள வடிவில் அமர்ந்திருக்கும் சங்கநிதியும் பதுமநிதியும் இந்த உறவை மறக்கவிடாமல் வைத்திருக்கின்றன.

சோழ நாட்டில் இந்த மரபு செழித்த இடத்துக்குப் புள்ளமங்கையைச் சொல்ல வேண்டும். தஞ்சாவூருக்கும் பாபநாசத்துக்கும் இடையில், பசுபதிகோயிலை ஒட்டியுள்ள பிரமபுரீசுவரர் கோயில் முதலாம் பராந்தகன் (907-955) காலத்தது. அதன் கபோதம் என்னும் கூரை விளிம்புக்குக் கீழே ஓடும் பட்டையைக் கட்டடக்கலையில் பூதவரி என்பர். கூரையின் பாரத்தைச் சுமக்க வேண்டியவை இந்தப் பூதங்கள். ஆனால் சுமக்கும் சிரமம் ஒன்றிடமும் தெரிவதில்லை. ஒன்று பறை கொட்டுகிறது, ஒன்று தாளம் போடுகிறது, ஒன்று வாயைப் பிளந்து சிரிக்கிறது. சிலவற்றுக்கு விலங்கு முகம். கோட்டத்தில் அமர்ந்த பிள்ளையாரைச் சூழ்ந்தும் கணங்கள் பணிசெய்கின்றன. அவரே கணபதி, கணங்களின் தலைவர் அல்லவா! தெய்வ வடிவங்களுக்கு அளவும் முத்திரையும் ஆகமம் வகுத்திருக்க, சிற்பி தன் குறும்புக்கு இடம் கண்டது இந்தச் சிறு வரிசையில்தான் என்று கருதத் தோன்றுகிறது.

1010இல் நிறைவுபெற்ற தஞ்சைப் பெரிய கோயிலில் கணங்கள் வண்ணத்திலும் வந்தன. 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த கருவறைச் சுற்றுச் சுவரோவியங்களில், கயிலையில் புலித்தோல் மேல் அமர்ந்த சிவன் முன் மகளிர் ஆட, இசைப்போரிடையே குறட்கணமும் நிற்கிறது. செப்புத் திருமேனிகளில் நிலை வேறு. ஆடவல்லானின் காலடியில் கிடக்கும் முயலகனும் குள்ளன்தான். ஆனால் அவன் அறியாமையின் உருவம், கணங்களோடு சேர்த்து எண்ணத்தக்கவன் அல்லன்.

பூதங்களுக்குக் கதையில் கிடைத்த பெரிய பங்கு திருக்கோளிலியைச் சேர்ந்தது. இன்றைய பெயர் திருக்குவளை. எட்டாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த சுந்தரர் அங்கே பாடிய பதிகத்தின் வேண்டுகோள் எளியது. குண்டையூரில் கொஞ்சம் நெல் கிடைத்தது, தூக்கிச்செல்ல ஆளில்லை, கொண்டுபோய்ச் சேர்க்க ஏவவேண்டும் என்கிறார். திருவாரூர் வீட்டில் மனைவி பரவையார் வாடியிருக்கிறார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் இதை விரித்தார். மழை பொய்த்து, வழக்கமாக நெல் அனுப்பிவந்த குண்டையூர்க் கிழார் கலங்க, சிவன் குபேரனை ஏவி ஊரெல்லை நிறைய நெல்மலை குவிக்கிறான். கொஞ்சம் நெல் மலையான பிறகு மனித ஆட்கள் போதமாட்டார்கள். பொழுது சாய்ந்ததும் பூதங்கள் வந்து அள்ளிச்சென்று ஆரூர்த் தெருவெல்லாம் பரப்பிவிடுகின்றன. விடிந்தால் நடக்க வழியில்லை. அவரவர் வீட்டு எல்லைக்குள் கிடக்கும் நெல்லை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்று பரவையார் பறையறைவிக்கிறார். களத்துமேட்டையும் சுமையாளையும் அறிந்த நாட்டில்தான் இப்படி ஒரு முடிவு எழுதமுடியும். புகாரில் ஊராரைத் தின்ற பூதம் ஆரூரில் ஊருக்குச் சோறு கொண்டுவந்தது.

மூலநூல் ஓரமாக விட்ட குள்ளப் பாத்திரத்தைத் துணைநூல் வளர்ப்பது மேற்கிலும் நடந்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் நிலத்துக்குரிய சிற்றுயிர்க்கு நோம் என்று பெயரிட்டார். நம் பாரிடத்துக்கு அண்டைவீட்டுக்காரர் என்றே சொல்லலாம். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் 1974இல் வெளிவந்தது. அதன் 1978ஆம் ஆண்டு விதிநூலில் நோம் ஆட்டக்காரர் ஏற்கக்கூடிய இனமாயிற்று. அன்று முதல் ஒரு முணுமுணுப்பு உண்டு. ஆட்டத்தின் மற்றக் குள்ள இனங்களில் சுரங்கமும் கோடரியும் ட்வார்ஃபுக்கு, பதுங்கலும் சாமர்த்தியமும் ஹாஃப்லிங்குக்கு என்றான பின் நோமுக்கு என்ன மிச்சம்? மாயவித்தையும் குறும்பும் எந்திரப் பித்தும் போதாதா என்பது எதிர்க்கட்சி. 1993இல் வந்த துணைநூலிலும் நோம் ஹாஃப்லிங்கோடு இடத்தைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. 2008இல் நான்காம் பதிப்பின் முதல் விதிநூல் அதை நீக்கிவிட, மறு ஆண்டு இரண்டாம் நூலில் திரும்ப வந்தது.

கணங்களுக்கு இத்தகைய வழக்கு எழவில்லை. அவற்றுக்குத் தொழில் குறைவின்றி இருந்தது. சிவன் கோயில் பெருவிழாக்களில் இன்றும் பூத வாகனம் சுவாமியைச் சுமக்கிறது. குண்டையூரிலிருந்து ஆரூருக்கு நெல் போன நிகழ்ச்சி, மாசி மாதத்தில் திருக்குவளையில் நெல் மகோற்சவமாகக் கொண்டாடப்படுகிறது.