உள்துணி: ஆடையின் மறைந்த பக்கம்

பெருநாளுக்குத் துணி எடுத்து வந்ததும், "லைனிங் எடுத்தாயிற்றா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது வழக்கம. வெளியே தெரியாத துணிக்கு ஏன் இத்தனை அக்கறை என்று இளையவர்களுக்குத் தோன்றலாம். அதற்கான விடை பதினான்கு நூற்றாண்டுகள் பழமையானது.

திஹ்யா அல்கல்பீ (ரலி) அவர்கள் அன்பளிப்பாகத் தந்த எகிப்தியத் துணி ஒன்றை, நபி (ஸல்) அவர்கள் உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களுக்கு அளித்தார்கள். உஸாமா அதைத் தம் மனைவிக்குக் கொடுத்துவிட்டார். இதை அறிந்த நபியவர்கள், அத்துணி உடலமைப்பைக் காட்டிவிடுமோ என அஞ்சுவதாகவும், அதன் அடியில் ஓர் உள்ளாடை அணிந்துகொள்ளுமாறு அவரிடம் சொல்லும்படியும் பணித்தார்கள். முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ள செய்தி இது. அந்தத் துணியைத் திருப்பித் தரும்படி அவர்கள் சொல்லவில்லை. அதை உடுத்திய பெண்ணைக் கடிந்துகொள்ளவும் இல்லை.

ஆண்களின் ஆடையிலும் உட்புறம் பொருட்படுத்தப்பட்டது. பட்டு ஆண்களுக்கு விலக்கப்பட்டது. எனினும் நான்கு விரல் அகலம் வரை ஓரமாக வைத்துத் தைக்க அனுமதி உண்டு. கழுத்திலும் திறப்புகளின் ஓரங்களிலும் பட்டு வைத்துத் தைத்த நபியவர்களின் ஜுப்பா ஒன்றை அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் பாதுகாத்து வந்ததை ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது.

இந்த வரம்புக்குள் நின்றே நெசவாளர்கள் ஒரு வழி கண்டார்கள். குஜராத்தின் பாடனிலும் கச்சுப் பகுதியின் மாண்டவியிலும் நெய்யப்பட்ட 'மஷ்ரூ' துணிக்குப் பாவு பட்டு, ஊடை பருத்தி. வெளியே பட்டு மினுங்கும். உடலில் படுவதோ பருத்தி. 'மஷ்ரூ' என்ற அரபுச் சொல்லுக்கு 'மார்க்கம் அனுமதித்தது' என்று பொருள். பாவு பட்டாயினும் ஊடை வேறாக இருந்தால் ஆண்கள் உடுத்தலாம் என்பது ஹனஃபி சட்டம். எடையில் பட்டு மிகுந்திருக்கக் கூடாது என்பது ஷாஃபிஈ சட்டம். உஸ்மானியப் பேரரசு வரை விற்பனைக்குச் சென்ற இத்துணியில், 20ஆம் நூற்றாண்டில் பட்டின் இடத்தை ரேயான் பிடித்துக்கொண்டது.

மஷ்ரூ தறியில் செய்ததை நம் வீட்டுத் தையல் இயந்திரம் வேறு விதமாகச் செய்கிறது. மெல்லிய மேல்துணிக்கு அடியில் பருத்தி லைனிங் வைக்கிறோம். அதை வெட்டுவதற்கு முன் நீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். இல்லையேல் முதல் சலவையிலேயே அது சுருங்கி மேல்துணியையும் இழுத்துவிடும். இரு துணிகளையும் ஒரே நூலோட்டத் திசையில் வெட்டி, கையால் நூலோட்டிப் பிணைத்த பின்பே இயந்திரத்தில் வைப்பது நல்லது. கீழ் மடிப்பில் லைனிங் அரை அங்குலம் குறைவாக இருந்தால் வெளியே எட்டிப் பார்க்காது.

இன்று கடைகளில் லைனிங் இல்லாத ஆயத்த ஆடைகள் பெருகியுள்ளன. அவற்றை ஆசையோடு வாங்கி வரும் மகளை, "இதையா எடுத்தாய்?" என்று நாம் கடிந்துகொள்கிறோம். அவளோ அடுத்த முறை நம்மிடம் காட்டாமலே உடுத்திச் செல்கிறாள். உஸாமாவின் வீட்டுக்கு நபியவர்கள் காட்டிய வழி வேறு. இரண்டு மீட்டர் பருத்தித் துணியோடு அவளருகில் அமர்ந்து, லைனிங் வைக்கக் கற்றுக்கொடுப்போம். அவளது ஆசையும் நிறைவேறும், நாணமும் காக்கப்படும். அதற்கான பொறுமையை அல்லாஹ் நமக்குத் தருவானாக.