பிரித்தானியத் தேநீர் மரபு

பிரித்தானியத் தேநீர் மரபு என்பது ஐக்கிய இராச்சியத்தில் தேநீர் அருந்துவதை ஒட்டி 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து உருவாகி வந்த பழக்கவழக்கங்களைக் குறிக்கும். பெரும்பாலும் பால் சேர்த்த கறுப்புத் தேநீரே அங்கு அருந்தப்படுகிறது. தொடக்கத்தில் அரசவையினரும் செல்வரும் மட்டுமே சுவைத்த இப்பானம், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் கூலித் தொழிலாளரின் அன்றாட உணவில் ஒரு பகுதியானது. இம்மாற்றம் வரிவிதிப்பு, கடத்தல், அடிமை முறை, குடியேற்றவாதம், பெண்களின் பொதுவாழ்வு ஆகியவற்றுடன் நெருங்கிய தொடர்புடையது.

அறிமுகம்

தேயிலையைச் சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்கு முதலில் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆவர். 1658 ஆம் ஆண்டில் இலண்டன் செய்தித்தாள் ஒன்றில் தேநீர் விற்பனை பற்றிய விளம்பரம் வெளியானது. நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ், தாம் முன்னர் அருந்தியிராத இச்சீனப் பானத்தை 1660 செப்டெம்பர் 25 அன்று வரவழைத்துக் குடித்ததாகக் குறிப்பிட்டுள்ளார். 1662 இல் இரண்டாம் சார்லஸ் மன்னரை மணந்த போர்த்துக்கேய இளவரசி பிரகன்சாவின் கத்தரீனே இங்கிலாந்துக்குத் தேநீரைக் கொண்டுவந்தவர் எனக் கூறப்படுவதுண்டு. மேற்கண்ட விளம்பரம் அவரது வருகைக்கு முற்பட்டதாதலால் இது பொருந்தாது. எனினும், அரசவை மகளிரிடையே தேநீர் பரவியதில் அவருக்குப் பங்குண்டு.

அக்காலக் கோப்பிக் கடைகள் ஆண்கள் கூடும் இடங்களாக இருந்தன. பெண்கள் உலர்ந்த தேயிலையை வாங்கி வீட்டிலேயே தேநீர் தயாரித்தனர். இதனால் தேநீர் இல்லத்தரசியின் பொறுப்பில் அமைந்த வீட்டுப் பானமாக வளர்ந்தது. தேயிலை விலை மிகுந்த பொருளாக இருந்தமையால் பூட்டுள்ள சிறு பெட்டிகளில் வைக்கப்பட்டது.

வரியும் கடத்தலும்

18 ஆம் நூற்றாண்டில் தேயிலை மீதான வரி சில காலங்களில் அதன் விலையையும் விஞ்சியது. இதன் விளைவாகக் கடத்தல் பெருந்தொழிலாக வளர்ந்தது. பயன்படுத்திய இலைகளை மீண்டும் உலர்த்தியும், வேறு மரங்களின் இலைகளைச் சேர்த்தும் கலப்படம் செய்யப்பட்டது. வட அமெரிக்கக் குடியேற்றங்களில் தேயிலை வரிக்கு எழுந்த எதிர்ப்பு 1773 டிசம்பரில் பாஸ்டன் தேநீர் விருந்து என்னும் நிகழ்வுக்கு இட்டுச் சென்றது. பிரதமர் வில்லியம் பிட் 1784 இல் வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைத்தார். கடத்தலில் இலாபம் அற்றுப்போனது. சட்டப்படியான இறக்குமதி விரைந்து பெருகியது.

ஏழைகளின் தேநீரும் சர்க்கரையும்

ஏழைகள் தேநீர் அருந்துவது கடும் விவாதத்துக்கு உள்ளானது. தேநீர் உடல்நலத்தையும் உழைப்பையும் கெடுக்கிறது என ஜோனாஸ் ஹான்வே 1756 இல் எழுதினார். தேநீர்ப் பிரியரான சாமுவேல் ஜான்சன் இதற்கு மறுப்பு எழுதினார். வேளாண் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து 1795 இல் நூல் வெளியிட்ட பாதிரியார் டேவிட் டேவிஸ், பாலும் பியரும் வாங்க இயலாமையாலேயே ஏழைகள் தேநீரை நாடினர் என்றும், தேநீர் வறுமையின் காரணமன்று, அதன் விளைவே என்றும் வாதிட்டார். வெறும் ரொட்டியை (பாண்) உண்போருக்குச் சூடான உணவாக அமைந்தது தேநீர் ஒன்றே.

தேநீரில் இட்ட சர்க்கரை, கரிபியன் தீவுகளில் அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கர்களின் உழைப்பால் விளைந்தது. 1791 இல் அடிமை வணிக ஒழிப்பு முன்மொழிவு நாடாளுமன்றத்தில் தோல்வியடைந்தபின், பல குடும்பங்கள் அச்சர்க்கரையைப் புறக்கணித்தன. வாக்குரிமையற்ற பெண்கள் தம் தேநீர் மேசையின் வழியே அரசியலில் பங்கேற்ற நிகழ்வாக இது கருதப்படுகிறது.

சீனாவிலிருந்து இலங்கை வரை

சீனத் தேயிலைக்குப் பெருமளவு வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது. இதனை ஈடுசெய்ய இந்தியாவில் விளைந்த அபினி சீனாவில் விற்கப்பட்டது. இது முதலாம் அபினிப் போருக்கு (1839–1842) வழிவகுத்தது. 1839 இல் அசாம் தேயிலை முதன்முதலாக இலண்டனில் ஏலம் விடப்பட்டது.

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் வணிக முறையில் தேயிலை பயிரிட்டார். இலைத்துரு நோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தோட்டங்களில் உழைத்தவர்களில் மிகப்பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட தமிழர்கள். 1890 இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டன், பொதியிட்ட தேயிலையைக் குறைந்த விலையில் பிரித்தானியத் தொழிலாளரிடம் கொண்டுசேர்த்தார். அத்தோட்டத் தமிழர்களின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர்.

பிற்பகல் தேநீரும் உயர் தேநீரும்

பிற்பகல் தேநீர் 1840 அளவில் பெட்ஃபோர்ட் கோமகள் அன்னாவால் தொடங்கப்பட்டதாகக் கூறுவர். இரவுணவு பிந்தியதால் ஏற்பட்ட பசியைத் தணிக்க அவர் தேநீருடன் சிற்றுண்டி உண்டார். மெல்லிய சான்விச்சுகள், ஸ்கோன், கேக் முதலியன இதில் பரிமாறப்படும்.

உயர் தேநீர் என்பது பெயரால் மேட்டுக்குடியினரது போலத் தோன்றினாலும், உண்மையில் அது தொழிலாளர் வீடுகளின் மாலை உணவாகும். வேலை முடிந்து திரும்புவோர் இறைச்சி, ரொட்டி, பாலாடைக்கட்டி முதலியவற்றைத் தேநீருடன் உண்டனர். வட இங்கிலாந்தில் மாலை உணவைத் "தேநீர்" என்றே பலர் இன்றும் அழைக்கின்றனர்.

தேநீர்க் கடைகளும் பெண்களும்

1864 இல் ஏரேட்டட் பிரெட் கம்பனியும் 1894 இல் லயன்ஸ் நிறுவனமும் இலண்டனில் தேநீர்க் கடைகளைத் திறந்தன. மதுக்கடைகளுக்குச் செல்வது தகாது எனக் கருதப்பட்ட காலத்தில், ஆண் துணையின்றிப் பெண்கள் அமர்ந்து உண்ணவும் உரையாடவும் இக்கடைகள் இடமளித்தன. பெண் வாக்குரிமை இயக்கத்தினர் சிலவற்றைக் கூட்டங்களுக்கும் பயன்படுத்தினர். மது ஒழிப்பு இயக்கமும் தேநீர்க் கூட்டங்களை நடத்தியது.

போர்க்காலமும் பின்னரும்

இரண்டாம் உலகப் போரின்போது 1940 சூலையில் தேயிலைப் பங்கீடு தொடங்கியது. ஆளொருவருக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் (ஏறத்தாழ 57 கிராம்) வழங்கப்பட்டது. இது 1952 அக்டோபர் வரை நீடித்தது. இக்காலத்தில், 1946 இல், ஜோர்ஜ் ஓர்வெல் நல்ல தேநீருக்கான 11 விதிகளைக் கட்டுரையாக எழுதினார். பாலை முதலில் ஊற்றுவதா, பின்னர் ஊற்றுவதா என்பது சமூகத் தகுதியின் அடையாளமாகவும் பார்க்கப்பட்டது; ஓர்வெல் பின்னர் ஊற்றுவதையே ஆதரித்தார்.

1953 இல் டெட்லி நிறுவனம் பிரித்தானியாவில் தேநீர்ப் பைகளை அறிமுகப்படுத்தியது. இன்று பெரும்பாலான வீடுகளில் இவையே பயன்படுகின்றன. 17 ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இலண்டன் தேயிலை ஏலம் 1998 சூன் 29 அன்று முடிவுக்கு வந்தது.

இவற்றையும் பார்க்க

தேயிலை
அபினிப் போர்கள்
மலையகத் தமிழர்