வழு

‘வழு’ என்றால் தவறு. வழுவுதல், வழுக்குதல் ஆகியவற்றோடு உறவுடைய சொல். நெறியிலிருந்து சறுக்குவது இதன் அடிப்படைப் பொருள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுக்களை இலக்கணம் சொல்கிறது. கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கியவர்கள் நிரலில் நேரும் பிழைக்கும் இதையே எடுத்துக்கொண்டார்கள். நல்ல தேர்வு.

அந்த வழு வழியே அந்நியர் நுழைய முடிந்தால் அது பாதுகாப்பு வழு. இணைய அஞ்சல் மென்பொருளான ரவுண்ட்கியூபில் 2025 ஜூனில் வெளிப்பட்டது அத்தகையது. உலாவியின் முகவரி வரியில் வரும் ஒரு மதிப்பைச் சரிபார்க்காமல் ஏற்றதால், ஒரே ஒரு பயனரின் கடவுச்சொல் கிடைத்தவர்கூட சர்வரில் தம் கட்டளைகளை ஓட்டலாம் என்ற நிலை. பத்தாண்டுக்கு மேலாக அந்த நிரலில் இருந்த வழு அது! தக்க காரணம் இருந்தால் வழுவையும் ஏற்றுக்கொள்ளும் வழுவமைதி இலக்கணத்தில் உண்டு, இங்கே கிடையாது.

இது சிறு நிறுவனங்களுக்கும் கவலைதான்: இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு ஆர்டர், வரைபடம், பில் போன்றவை மின்னஞ்சலிலும் வரும். உங்கள் அலுவலக அஞ்சல் ரவுண்ட்கியூபில் திறக்கிறதென்றால், அது இந்த வழு திருத்தப்பட்ட 1.5.10 அல்லது 1.6.11 பதிப்புக்கு முந்தையதா என்று சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் இன்றே கேளுங்கள்.