பார்க்க வேண்டிய தொடர்: 'தி ரயில்வே மென்' - சொன்னதும் விட்டதும்

டெல்லியில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு போபால் என்றால் ஒரு ரயில்வே ஸ்டேஷன், அவ்வளவுதான். ஜிடி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரண்டுமே அந்த வழியாகத்தான் ஊருக்குப் போகின்றன. வண்டி நிற்கும், இறங்கி டீ குடிப்போம், கிளம்பிவிடும். அந்த ஸ்டேஷனில் 1984-ல் நடந்ததைப் பற்றி பிள்ளைகள் கேட்டால், "ஏதோ கேஸ் லீக்" என்பதற்கு மேல் நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

அதனால்தான் இந்தச் சிபாரிசு. நெட்ஃப்ளிக்ஸில் 2023 நவம்பரில் வந்த 'தி ரயில்வே மென்'. நான்கே எபிசோட். இயக்கம் ஷிவ் ரவைல். கே கே மேனன், நம்ம மாதவன், திவ்யேந்து, இர்ஃபான் கானின் மகன் பாபில் என்று நல்ல கூட்டணி. பாருங்கள். ஆனால் பார்த்துவிட்டு டிவியை அணைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். தொடர் சொல்லாத பாதி வரலாறு வெளியே இருக்கிறது.

முதலில் நடந்தது என்ன? யூனியன் கார்பைட் பூச்சிமருந்துத் தொழிற்சாலை. டிசம்பர் 2 இரவு, மீத்தைல் ஐசோசயனேட் இருந்த ஒரு டாங்கில் தண்ணீர் புகுந்து சூடேறி, சுமார் 40 டன் விஷவாயு வெளியேறியது. தண்ணீர் எப்படிப் புகுந்தது என்பதில் கம்பெனி ஒன்று சொன்னது, தொழிலாளர்கள் வேறு சொன்னார்கள். ஆனால் ஒன்றில் சந்தேகமில்லை. டாங்கைக் குளிர்விக்கும் எந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றிக் கிடந்தது. செலவைக் குறைத்துக்கொண்டே போனதில் ஒவ்வொரு பூட்டாகத் திறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1981 டிசம்பரில் அதே ஆலையில் முகமது அஷ்ரஃப் என்ற தொழிலாளி பாஸ்ஜீன் வாயுவால் இறந்தார். அவருடைய நண்பரான பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி தோண்டித் துருவி, 1982-லிருந்தே ஊரைக் காப்பாற்றுங்கள் என்று எழுதினார். யாரும் காது கொடுக்கவில்லை. தொடரில் சன்னி ஹிந்துஜா நடிக்கும் நிருபர் இவரை வைத்து உருவானவர்தான். கேஸ்வானி 2021-ல் காலமானார்.

இப்போது ஸ்டேஷனுக்கு வருவோம். அன்றிரவு டூட்டியில் இருந்த துணை நிலைய கண்காணிப்பாளரின் பெயர் குலாம் தஸ்தகீர். கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது, பிளாட்பாரத்தில் கோரக்பூர் எக்ஸ்பிரஸ் நிற்கிறது, உள்ளே கொள்ளாத கூட்டம். கிளம்ப நேரம் இருந்தும், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் வண்டியை உடனே அனுப்பினார். பக்கத்து ஸ்டேஷன்களுக்குச் சொல்லி மற்ற வண்டிகளை வராமல் தடுக்கப் பார்த்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப்பாருங்கள், விதியை மீறி ஒரு வண்டியைக் கிளப்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள். அதே இரவில் தன் மகன்களில் ஒருவரை அவர் பறிகொடுத்தார். வாயு தந்த நோயோடு வாழ்ந்து 2003-ல் இறந்தார். பணியில் உயிர்விட்ட ரயில்வே ஊழியர்களுக்கு ஸ்டேஷனில் ஒரு நினைவுச்சின்னம் கட்டினார்கள். அதில் இவர் பெயர் இல்லை. அன்றிரவு சாகவில்லையே!

தொடரிலும் இவர் பெயர் இல்லை. கே கே மேனன் நடிக்கும் பாத்திரத்துக்கு இஃப்தேகார் சித்திக்கி என்று பெயர். கதைக்காகச் சேர்த்தவை இன்னும் உண்டு. திவ்யேந்துவின் ரயில் கொள்ளைக்காரன் கற்பனை. சீக்கியப் பயணிகளைக் கும்பல் தாக்கும் காட்சி வருகிறது. டெல்லியில் அந்தப் படுகொலைகள் நடந்தது இந்திரா காந்தி சுடப்பட்ட 1984 அக்டோபர் 31-ஐ ஒட்டிய நாட்களில். போபால் அதற்கு ஒரு மாதம் கழித்து. இரண்டையும் ஒரே இரவில் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் இதையே வரலாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதைவிட முக்கியம், தொடர் முடிந்த பிறகு நடந்தவை. கம்பெனித் தலைவர் வாரன் ஆண்டர்சன் டிசம்பர் 7 அன்று போபால் வந்தார், கைதானார், அன்றே ஜாமீனில் அரசு விமானத்தில் டெல்லி போனார். பிறகு விசாரணைக்குத் திரும்பவே இல்லை. 2014-ல் அமெரிக்காவில் இறந்தார். 1989-ல் 47 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. பாதிக்கப்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல், வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சாவு எண்ணிக்கையில் மத்தியப் பிரதேச அரசு சொன்னது 3,787. பிழைத்தவர்களின் அமைப்புகள் சொல்வது அதைப்போலப் பல மடங்கு. 2010-ல் ஏழு இந்திய அதிகாரிகளுக்கு இரண்டு ஆண்டு தண்டனை, அன்றைக்கே ஜாமீன். கூடுதல் நஷ்டஈடு கேட்ட மனுவை 2023-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆலைக்குள் கிடந்த 337 டன் நச்சுக்கழிவு லாரி ஏறி பீதம்பூர் போனது 2025 ஜனவரியில். நாற்பது வருஷம்!

ஒரு இரவின் வீரத்தைப் படமாக்கிவிடலாம். நாற்பது வருஷ இழுத்தடிப்பை நான்கு எபிசோடில் அடக்குவது கஷ்டம். அந்த மீதிக்கதையைச் சொல்ல வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் நாம்தான். குலாம் தஸ்தகீர் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பி.கு: சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், சாவுக் காட்சிகள் தூக்கத்தைக் கெடுக்கும். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் என்றால் சரி. இன்னும் பார்க்க நினைப்பவர்கள் 1999-ல் வந்த 'போபால் எக்ஸ்பிரஸ்' கிடைத்தால் விடாதீர்கள். அதிலும் கே கே மேனன்தான். ஆனால் அதில் அவர் கார்பைட் ஊழியர். ஆலைக்கு உள்ளேயிருந்து ஒரு முறை, ஸ்டேஷனிலிருந்து ஒரு முறை என்று அதே இரவைப் பார்த்த மாதிரி இருக்கும்.