வழிகாட்டும் பின்னூட்டம்

விடை தவறு என்பதோடு நில்லாமல், எங்கே பிசகியது, அடுத்து என்ன செய்யலாம் என்று மாணவருக்குக் காட்டும் முறை. 0.3ஐ விட 0.27 பெரியது என்று எழுதும் பிள்ளைக்குச் சிவப்புக் குறி எதையும் கற்றுத்தராது. 27ஐயும் 3ஐயும் முழு எண்களாக ஒப்பிட்டதைச் சுட்டி, 0.30 என்று எழுதிப் பார்க்கச் சொல்லும் மென்பொருளே உதவும்.

இந்தியாவில் நன்கு ஆராயப்பட்டது மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருள். தில்லியில் நான்கரை மாதப் பயன்பாட்டில் கணிதமும் இந்தியும் மேம்பட்டதாக முரளிதரன், சிங், கனிமியன் ஆகியோரின் 2019 ஆய்வு காட்டியது. சிறு குழு வகுப்புகளும் உடன் நடந்ததால், முழுப் பெருமையும் மென்பொருளுக்குரியதல்ல.

பின்னூட்டம் கெடுப்பதும் உண்டு: குளூகர், டெனிசியின் 1996 தொகுப்பாய்வில் பின்னூட்டங்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவை செயல்திறனைக் குறைத்தன.

சென்னை–அந்தமான் கடலடி இழைவடம் 2020இல் அத்தீவுகளில் உள்ள ரங்கத்தை எட்டியது. ஆனாலும் இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும் தீவுப் பள்ளிகளில், இத்தகைய மென்பொருளின் பின்னூட்டக் குறிப்புகள் கைக்கணினியிலேயே பதிந்திருப்பது நல்லது.