மாமனார் பார்த்த விமானச் சண்டை



மேலகரத்தில் சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலம் போகும் கார்களின் வரிசையைத் தாண்டி ரோட்டைக் கடப்பதே பெரும்பாடு. அப்படி வெளியே போக முடியாத ஒரு மாலையில், விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விமானச் சண்டை விளையாடிக்கொண்டிருந்தான். கையில் ஜாய்ஸ்டிக், காதில் ஹெட்போன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவனுடைய விமானம் புகை கக்கிக்கொண்டு கடலில் விழுந்தது.

"என்ன பண்ணினாலும் பின்னாடி வந்துடறான் தாத்தா" என்றான்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அவன் ஓட்டியது ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் விமானம். எதிரி ஓட்டியது ஜீரோ என்ற ஜப்பானிய விமானம். இந்த இரண்டு பெயர்களும் எனக்குப் பழக்கமானவை. என் மாமனார் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த கதையில் வருபவை அவைதான்.

என் மாமனார் மேலகரத்துக்காரர். நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டி ஓய்வு பெற்ற பிறகு இங்கே குடிவந்தவன். நம் ஜில்லாவிலிருந்து அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் பிழைப்புக்காகக் கொழும்பு போனார்கள் அல்லவா? மாமாவும் பதினெட்டு வயதில் புறக்கோட்டையில் ஒரு மளிகை மொத்தக் கடைக்குக் கணக்கெழுதப் போனார். அங்கே 1942ஆம் வருஷம் ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில், வானத்தில் நடந்த சண்டையைக் கண்ணால் பார்த்தார்.

அவர் சொல்வது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். "மாப்பிள்ளை, ஜப்பான்காரன் மேலே நின்னான். வெள்ளைக்காரன் விமானம் எல்லாம் கீழே, கூரையைத் தொடுற மாதிரி ஓடினதுங்க. பயந்தாங்கொள்ளிங்க. நம்மளைக் காப்பாத்த வந்தவனா அவன்?" துறைமுகத்தில் வேலை பார்த்த பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், மாமாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன், அன்று காலை வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அந்தக் கோபத்தை மாமா கடைசி வரை அந்த விமானிகள் மேல்தான் வைத்திருந்தார்.

அவர்கள் பயந்துதான் ஓடினார்களா? இந்தக் கேள்வி எனக்குள் பல வருஷம் கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். பேரனுக்கு அன்று சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

விமானச் சண்டை என்றால் வீரமும் குட்டிக்கரணமும்தான் என்று நாம் நினைக்கிறோம். பள்ளி நாளில் பியேர் குளோஸ்தெர்மான் என்ற பிரெஞ்சு விமானி 1948இல் வெளியிட்ட 'லெ கிரான் சிர்க்' என்ற புத்தகத்தைப் படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். புத்தகப் பெயருக்கே 'பெரிய சர்க்கஸ்' என்றுதான் பொருள். ஆனால் இந்தச் சண்டைக்கு முதன்முதலில் விதி எழுதியவர் சர்க்கஸைப் பற்றி எழுதவில்லை. அவர் ஓஸ்வால்ட் போல்கே என்ற ஜெர்மன் விமானி. 1916இல் எட்டு விதிகளை எழுதிவைத்தார். அவற்றில் முதலாவதன் சாரம் இதுதான்: தாக்குவதற்கு முன்னாலேயே சாதகமான இடத்தைப் பிடித்துக்கொள், முடிந்தால் சூரியனை உன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். பின்பக்கமாகப் போ, கிட்டே போய்ச் சுடு, எதிரியைவிட்டுக் கண்ணை எடுக்காதே, கூட்டாகப் போ என்பவை மற்ற சில. இவ்வளவு எழுதிய மனிதர் அதே வருஷம் அக்டோபர் 28ஆம் தேதி, தன் அணியைச் சேர்ந்த விமானம் ஒன்றோடு மோதி இறந்தார்.

சாதகமான இடம் என்பது பெரும்பாலும் உயரம்தான். ஐந்தருவிப் பக்கமிருந்து சைக்கிளில் இறங்கி வந்தவர்களுக்கு இது புரியும். மிதிக்கவே வேண்டாம், சரிவு தள்ளிவிடும். அதே ரோட்டில் மேலே ஏறுகிறவன் மூச்சு வாங்குவான். குமாஸ்தா பாஷையில் சொன்னால், உயரம் என்பது வைப்புத்தொகை, வேகம் என்பது கையிருப்பு ரொக்கம். மேலே இருப்பவன் மூக்கைக் கீழே சாய்த்தால் வைப்புத்தொகை ரொக்கமாகிவிடும். தாக்கிவிட்டு அந்த வேகத்திலேயே மறுபடி மேலே ஏறினால், ரொக்கத்தில் பெரும்பகுதியைத் திரும்பக் கட்டிவிடலாம். கூர்மையாகத் திரும்புவதுதான் வீண் செலவு. விமானம் பக்கவாட்டில் சாய்ந்து இழுத்துத் திரும்பும்போது இறக்கைகளின் மேல் பாரம் ஏறுகிறது, காற்றின் தடை கூடுகிறது, வேகம் கரைகிறது. ஓட்டுகிறவனுக்கும் ரத்தம் தலையைவிட்டு இறங்கி, கண் மங்கும். நாலு சுற்று சுற்றிய பிறகு கையிலும் காசில்லை, பாங்கிலும் காசில்லை.

நம் வயல்காட்டில் கரிச்சானைப் பார்த்திருப்பீர்கள், ரெட்டைவால் குருவி. பருந்து அதன் கூட்டுப் பக்கம் வந்தால் விடாது. பருந்தோடு சேர்ந்து வட்டமடிக்காமல், அதற்கு மேலே எழும்பி, முதுகில் ஒரு கொத்து கொத்திவிட்டு விலகும், மறுபடி மேலே போகும். போல்கே எழுதியதை அது யாரும் சொல்லித்தராமலே செய்கிறது.

இனி கொழும்புக்கு வருவோம். ஜீரோ விமானம் வெற்று எடையில் சுமார் 1,700 கிலோ. ஹரிக்கேன் 2,500 கிலோவுக்கும் மேல். இறக்கைப் பரப்பு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே ஜீரோ சின்ன வட்டத்தில் திரும்பும், ஹரிக்கேன் பெரிய வட்டத்தில்தான் திரும்ப முடியும். இரண்டு சுற்றில் ஜீரோ பின்னால் வந்து நிற்கும். பேரன் ஒவ்வொரு முறையும் கடலில் விழுந்தது இதனால்தான். எடையைக் குறைப்பதற்காக அந்நாளைய ஜீரோவில் விமானிக்குக் கவசத் தகடு கிடையாது, குண்டு பட்டால் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டாங்கியும் கிடையாது. அதி வேகத்தில் அதன் கட்டுப்பாடுகள் கனத்துப்போகும். ஆகவே அதை எதிர்க்க வழி உண்டு. மேலேயிருந்து பாய்ந்து சுட வேண்டும், நிற்காமல் போய்விட வேண்டும், அதோடு வட்டமடிக்கக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1940இல் இங்கிலாந்தின் மேல் நடந்த சண்டையில், ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட்டைவிடச் சின்ன வட்டத்தில் திரும்பித் தப்பியது இதே ஹரிக்கேன்தான். அங்கே உயிர் காத்த பழக்கம் இங்கே உயிரை வாங்கியது. வட்டமடிக்காதே என்ற பாடத்தை ஷென்னால்ட் என்ற அமெரிக்கர் 'பறக்கும் புலிகள்' என்ற தம் படைக்குக் கற்றுக்கொடுத்து, நம்மவர்கள் கால்நடையாகத் தப்பி வந்த அதே பர்மாவில், சில மாதம் முன்னால்தான் நடத்திக் காட்டியிருந்தார்.

ஆனால் கொழும்பு விமானிகளுக்குப் பாடம் தெரிந்திருந்தாலும் அன்று அவ்வளவாகப் பயன்பட்டிருக்காது. ஏன் என்று கேளுங்கள்.

ஏப்ரல் 4ஆம் தேதி மாலை, லியோனார்ட் பர்ச்சால் என்ற கனடா நாட்டு விமானி, காட்டலினா என்ற ரோந்து விமானத்தில் போய், இலங்கைக்குத் தென்கிழக்கே கடலில் ஜப்பானியக் கடற்படையைப் பார்த்துவிட்டார். பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே நகுமோவின் படை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். பர்ச்சாலைச் சுட்டு வீழ்த்திச் சிறைபிடித்தார்கள். அதற்கு முன்னால் அவருடைய செய்தி ரேடியோவில் போய்விட்டது. ஆகவே கொழும்புக்கு முதல் நாளே தெரியும். துறைமுகத்திலிருந்து பல கப்பல்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். விமானிகள் விடியற்காலை முதல் தயாராக இருந்தார்கள்.

மறுநாள் காலை ஏழரை மணி அளவில் சுமார் 125 விமானங்கள் வந்தன. பேர்ல் ஹார்பரில் தாக்குதலை நடத்திய ஃபுச்சிடாதான் தலைமை. ரேடார் இருந்தும் எச்சரிக்கை வரவில்லை. ரத்மலானை விமான நிலையத்தில் இருந்தவர்களுக்கு எதிரி வந்தது தெரிந்ததே, தலைக்கு மேல் விமானங்களைப் பார்த்த பிறகுதான். தாக்குதலுக்கு நடுவிலேயே ஒவ்வொன்றாக ஓடி ஏறினார்கள். நகருக்குள் குதிரைப் பந்தயத் திடலை ஓடுதளமாக மாற்றி வைத்திருந்தார்கள். அங்கேயிருந்தும் ஹரிக்கேன்கள் கிளம்பின. 15,000 அடி ஏற ஹரிக்கேனுக்கு ஐந்தாறு நிமிடமாவது வேண்டும். அந்த நிமிடங்களை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஏறிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு வேகமும் இல்லை, உயரமும் இல்லை. ஜீரோக்கள் மேலே காத்திருந்தன.

கிளம்பிய நாற்பது சொச்சம் சண்டை விமானங்களில் ஏறக்குறைய பாதி போயிற்று. ஜப்பானியர் இழந்தது ஏழுதான். அன்று பிரிட்டிஷார் அறிவித்ததோ இருபதுக்கும் மேல். போர்க்காலக் கணக்கை எந்த ஆடிட்டர் சரிபார்ப்பது? அதே நாளில் கடலில் கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் மூழ்கின. நாலு நாள் கழித்துத் திருகோணமலையும் தாக்கப்பட்டது. இடையில் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்து, சென்னையே காலியான கதை உங்களில் மூத்தவர்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள்.

மாமா கொழும்பில் அதற்குமேல் இருக்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடி, மதுரை, விருதுநகர் வழியாகத் தென்காசி வந்து சேர்ந்தார். தன் பெட்டியோடு இறந்த நண்பனின் டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து அவன் வீட்டில் ஒப்படைத்தார். அதைப் பற்றி மட்டும் அவர் அதிகம் பேசமாட்டார்.

இப்போது அவர் பார்த்ததை நினைத்துப் பாருங்கள். ஹரிக்கேன்கள் கூரையைத் தொடுவதுபோலத் தாழப் பறந்தன. பொய்யில்லை. சில அப்போதுதான் தரையைவிட்டுக் கிளம்பியவை. சில ஜீரோவிடமிருந்து கீழே பாய்ந்தவை. பாய்ச்சலில் ஹரிக்கேன் கனமானது, ஜீரோவைவிட வேகம் பிடிக்கும். பின்னால் ஜீரோ இருக்கும்போது வட்டமடிக்காமல் கீழே பாய்வதுதான் சரியான யுக்தி. மாமா பயம் என்று நினைத்த அந்த ஓட்டம், அன்று அவர்கள் செய்ததிலேயே சரியான காரியமாக இருந்திருக்கும். பிழை அவர்கள் ஏறுவதற்கு முன்னாலேயே, எச்சரிக்கை வராத இடத்தில் நடந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு சண்டையும் நம் காலத்தில் நடந்தது. 1971 நவம்பர் 22, வங்காள எல்லையில் போய்ரா. பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் வந்து தாக்கிக்கொண்டிருந்தன. அன்று முதலில் போன நம் விமானங்களுக்கு அவை அகப்படவில்லை. பிற்பகலில் ரேடார் மறுபடி கண்டுகொண்டது. டம்டமிலிருந்து நாலு சின்ன நாட் விமானங்கள் கிளம்பி, தரையிலிருந்து ஒருவர் வழி சொல்ல, சில நிமிடத்தில் சரியான இடத்தில் போய் நின்றன. மாசி, கணபதி, லாசரஸ், சோரஸ் என்ற நால்வர். சேபர் விமானிகள் இருவர் பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்டனர். அவர்களில் ஒருவர் பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படைக்கே தளபதியானார். சண்டை சில நிமிடம்தான். முடிவு அதற்கு முன்பே, ரேடார் திரையில் புள்ளி தெரிந்தபோதே பாதி எழுதப்பட்டுவிட்டது.

கொழும்புக்கு வந்த ஐந்து கப்பல்களில் அகாகி, சோர்யு, ஹிர்யு என்ற மூன்றும் இரண்டே மாதத்தில், ஜூன் தொடக்கத்தில், மிட்வே சண்டையில் அழிந்தன. அங்கே ஜான் தாச் என்ற அமெரிக்க விமானி புது யுக்தி ஒன்றைக் காட்டினார். ஜோடியாகப் பறந்து, ஒருவர் பின்னால் ஜீரோ வந்தால் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்பிக் குறுக்கே கடப்பது. துரத்துகிற ஜீரோ மற்றவரின் துப்பாக்கிக்கு நேரே வந்துவிடும். திரும்புவதில் தோற்கிற விமானத்துக்கு ஒரு துணை இருந்தால் போதும்.

பேரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுபடி விளையாடினான். இந்த முறை எதிரியைத் தேடாமல் முதலில் மேலே மேலே ஏறினான். சூரியனைப் பின்னால் வைத்துக்கொண்டான். ஒரு பாய்ச்சல், ஒரு சுடல், திரும்பிப் பார்க்காமல் மேலே. முதல் ஜீரோ விழுந்தது. இரண்டாவதோடு ஆசை வந்து வட்டமடித்தான், கடலில் விழுந்தான். பரவாயில்லை, பதினொரு நிமிடம் உயிரோடு இருந்திருந்தான்.

"அப்போ அந்தக் கொழும்பு விமானிங்க பயப்படலையா தாத்தா?"

"பயந்திருப்பாங்கடா. பயந்துக்கிட்டேதான் ஏறிப் போனாங்க."

இட்லித் தட்டோடு வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: "இதை அப்பா இருக்கும்போது யாராவது சொல்லியிருக்கலாம்."

சொல்ல வேண்டியவன் நான்தான். நான் படித்துத் தெரிந்துகொள்வதற்குள் மாமா போய்விட்டார்.

உங்கள் வீட்டிலும் 1942இல் கொழும்பிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ திரும்பி வந்த பெரியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் சொன்னது நினைவில் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.