மழைப் பதிவேட்டின் வெற்றிடங்கள்

மும்பையில் வாழும் நம்மவர் 2005 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆம் நாளை மறந்திரார். மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் மழைமானி காட்டிய அளவு 944 மில்லிமீட்டர். அதே நகரின் தென்கோடியில், கொலாபாவில் பெய்ததோ ஏறத்தாழ 73 மில்லிமீட்டரே. சாந்தாகுரூஸ் கருவி அன்று பழுதுற்றிருந்து, அயலிலுள்ள கொலாபாவின் அளவை அவ்விடத்தில் எழுதியிருந்தால், அப்பெருமழை ஏட்டில் ஒரு சாதாரண மழைநாளாகவே நின்றிருக்கும்.

1864 இல் கல்கத்தாவைப் புயல் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மழையும் பொய்த்தது. இவற்றின் பின் 1875 இல் இந்திய வானிலைத் துறை ஹென்றி பிளான்ஃபோர்டு தலைமையில் தோன்றியது. நாடெங்கும் மழைமானிகள் பெருகின, வெற்றிடங்களும் பெருகின. அளப்பவர் நோயுறலாம், கருவி உடையலாம், ஏட்டைக் கரையான் அரிக்கலாம். ஒரு மாதத்து அளவு விடுபட்டாலும் ஆண்டின் கூட்டுத்தொகை கெட்டுவிடும். அணையின் உயரத்தையும் பாலத்தின் கண்களையும் முடிவு செய்வோர் இத்தகைய தொகைகளையன்றோ நம்பியிருக்கின்றனர்!

இதற்கு ஒரு வழியை அமெரிக்க வானிலைத் துறையினரான பால்ஹஸ், கோலர் இருவரும் 1952 இல் விளக்கினர். விடுபட்ட ஊரைச் சூழ்ந்த மூன்று நிலையங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அவற்றின் வழக்கமான மழை நம் ஊரின் வழக்கமான மழையிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபடாதாயின், மூன்றன் சராசரியே போதும். வேறுபடுமாயின் விகிதம் பார்க்க வேண்டும். நம் ஊரின் வழக்கமான மழை 900 மில்லிமீட்டர், அயலூரின் வழக்கம் 600, அங்கு இவ்வாண்டு பெய்தது 500 எனக் கொள்வோம். 500 ஐ 900 ஆல் பெருக்கி 600 ஆல் வகுத்தால் 750 கிடைக்கும். ஏனைய இரண்டு ஊர்களுக்கும் இவ்வாறே கண்டு, மூன்றன் சராசரியைக் கொள்ளலாம்.

விகிதம் ஏன் வேண்டும் என்பதற்குச் சிரபுஞ்சியே சான்று. தென்புறச் சமவெளியிலிருந்து எழும் முகில்கள் முதலில் மோதும் மலைவிளிம்பில் அது அமைந்துள்ளது. ஷில்லாங் அம்மலைக்குப் பின்னே உள்ளது. சாலைவழி ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். ஆயினும் சிரபுஞ்சியின் ஆண்டு மழை ஷில்லாங்கினதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

மாதக் கணக்குக்கும் ஆண்டுக் கணக்குக்கும் இம்முறை பெரிதும் உதவும். ஒரு நாளின் மழைக்கு அதை நம்புவது துணிச்சல் என்பதே நம் கருத்து. மும்பையின் அந்த நாளை எந்த விகிதமும் மீட்டிராது. மதிப்பிட்ட எண்ணை அளந்த எண்ணோடு அடையாளமின்றிக் கலப்பதும் பிழையே.

புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் பார்த்தசாரதி முதலிய அறிஞர்கள் 306 நிலையங்களைக் கொண்டு, 1871 முதலான இந்தியப் பருவமழை வரிசையைத் தொகுத்தனர். இமயத்தை ஒட்டிய நான்கு மலைப்பிரிவுகளை அவர்கள் அதில் சேர்க்கவில்லை. அங்கு மழைமானிகள் மிகச் சில. மலைநாட்டில் ஒரு கருவியின் அளவு சுற்றுப்புறம் முழுவதற்கும் பொருந்துவதுமில்லை.